நிறம் மட்டும் போதாது



பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுப் பழகி வருகிறேன். டெர்மினலில் 'எல்எஸ்' அடித்தால் கோப்புப் பட்டியல் வெள்ளை எழுத்தில்தான் வந்தது. '.பாஷ்ஆர்சி' கோப்பைத் திறந்து பார்த்தேன். 'எல்எஸ் --கலர்=ஆட்டோ' என்ற ஏலியாஸ் வரியின் முன்னால் # குறி இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புது டெர்மினல் திறந்தேன். கோப்புறை நீலம், இயங்கும் நிரல் பச்சை, சுருக்கிய கோப்பு சிவப்பு. அரைநாள் வேலை!

பெருமையாகப் படமெடுத்துப் பழைய மாணவர் ஒருவருக்கு அனுப்பினேன். "சார், எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒண்ணுபோலத்தான் தெரியும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆறாம் வகுப்பில், வரைபடத்தில் காட்டுக்குச் சிவப்பு தீட்டியதற்காக இவரைத்தான் பெஞ்சு மேல் ஏற்றினேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. (அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.)

கணினித் துறையிலுள்ள பிள்ளைகளே, நிறத்தை மட்டும் நம்பி எதையும் காட்டாதீர்கள். அதே ஏலியாஸ் வரியில் '-எஃப்' சேர்த்தால் கோப்புறைப் பெயருக்குப் பின் / வரும், நிரலுக்கு *, இணைப்புக்கு @. பெரிய எஃப் போடுங்கள். சின்ன எஃப் போட்டால் அகர வரிசையே போய்விடும். கறுப்புத் திரையில் அந்த நீலம் என் கண்ணுக்கே சரியாகத் தெரிவதில்லை, எனக்கும் அந்தச் சாய்கோடுதான் துணை.

மாற்றிய பட்டியலை நேற்று அனுப்பினேன். பெஞ்சுக்கு மன்னிப்பும் கேட்டேன். "அதை விடுங்க சார், இப்ப நல்லாத் தெரியுது" என்றார்.