முதலில் டச்பேடைத் தொட்டுப் பாருங்கள்

டேப்லெட்டில் கழற்றி மாட்டும் கீபோர்டு திடீரென்று நின்றுபோனால், அதற்கு வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. டிரைவரை நீக்கு, அப்டேட் போடு, பின்னைத் துடை, ரீசெட் செய் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். எந்தக் கோளாறுக்கு எது மருந்து என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. துடைத்தாலே சரியாகியிருக்கும் ஒரு கீபோர்டுக்காக டேப்லெட் முழுவதையும் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுக் குழந்தையின் படங்களைத் தேடுகிறவர்களும், நல்ல கீபோர்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறவர்களும் உண்டாவது இதனால்தான். அந்தக் கீபோர்டு எங்கே பழுதாகியிருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் போதும்.

இவற்றில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, டேப்லெட்டின் விளிம்பிலோ முதுகிலோ இருக்கும் சிறிய உலோகப் புள்ளிகளைத் தொட்டு வேலை செய்வது. மைக்ரோசாஃப்ட் 2012-இல் முதல் சர்ஃபேஸோடு கொண்டுவந்த கவர் கீபோர்டு, 2015-இல் ஐபேட் ப்ரோவில் ஆப்பிள் வைத்த ஸ்மார்ட் கனெக்டரில் பொருந்தும் கீபோர்டு, சாம்சங் கேலக்ஸி டேப் எஸ் வரிசைக்கு வரும் பல கவர் கீபோர்டுகள் எல்லாம் இந்த ரகம். இவற்றில் பெரும்பாலும் பேட்டரி கிடையாது. மின்சாரமும் தகவலும் அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் போய்வருகின்றன. மற்றது ப்ளூடூத். அதற்குத் தனி பேட்டரி, தனி சார்ஜ், பேரிங் எல்லாம் வேண்டும். காந்தத்தில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து ப்ளூடூத் கீபோர்டையும் முதல் வகை என்று நினைத்துவிடுவது சகஜம். ஆன்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் அது அநேகமாக ப்ளூடூத்தான். முதலில் சார்ஜ் போடுங்கள், பிறகு செட்டிங்ஸில் அதன் பெயரை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். அதோடு பெரும்பாலும் சரியாகிவிடும். 2024-இல் வந்த சர்ஃபேஸ் ப்ரோ ஃப்ளெக்ஸ் கீபோர்டு மாதிரி, மாட்டினாலும் கழற்றினாலும் வேலை செய்கிற இரட்டை ரகமும் இப்போது இருக்கிறது.

சிக்கல் அதிகம் வருவது முதல் வகையில். அதில் செய்ய வேண்டிய முதல் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. எழுத்து விழவில்லை என்றால் டச்பேடில் விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். அம்புக்குறி நகர்கிறதா? நகர்ந்தால் உலோகப் புள்ளிகள் நன்றாகவே இருக்கின்றன, மின்சாரமும் போகிறது, டேப்லெட் அந்தக் கீபோர்டை அடையாளம் கண்டுகொண்டும் இருக்கிறது. ஏனென்றால் எழுத்துக்கட்டைகளும் டச்பேடும் ஒரே இணைப்பு வழியாகத்தான் பேசுகின்றன. இந்த நிலையில் பின்னைத் துடைத்துக்கொண்டு உட்கார்வது வீண் வேலை. கோளாறு ஏதோ ஒரு செட்டிங்கிலோ, கட்டைகளுக்கு அடியில் இருக்கும் தகட்டிலோ இருக்கிறது.

செட்டிங் என்றால் முதல் சந்தேகம் ஃபில்டர் கீஸ் மேல்தான். கை நடுங்குகிறவர்களுக்காக விண்டோஸில் வைத்திருக்கும் நல்ல வசதி இது; தெரியாமல் படும் தட்டல்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். வலப்பக்க ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் திரையில் ஒரு கேள்வி வரும். அதைப் படிக்காமல் ஆமென்று அழுத்திவிட்டால் அன்றோடு கீபோர்டு செத்துவிட்டது போலத் தோன்றும். ஒரு கட்டையை இரண்டு விநாடி விடாமல் அழுத்திப் பாருங்கள். எழுத்து மெதுவாக வந்து விழுந்தால் காரணம் இதுதான். ஐபேடிலும் அக்சஸிபிலிட்டி பகுதியில் ஸ்லோ கீஸ் என்று இதே வேலையைச் செய்யும் வசதி உண்டு. அணைத்துவிட்டால் முடிந்தது.

டச்பேடும் அசையவில்லை என்றால், திரையில் எழுதும் இடம் ஒன்றை விரலால் தொடுங்கள். திரைக் கீபோர்டு தானாக மேலெழுந்தால், வெளியே கீபோர்டு எதுவும் மாட்டியிருப்பதாகவே டேப்லெட்டுக்குத் தெரியவில்லை என்று பொருள். எழும்பவில்லை என்றால் இருப்பது தெரிந்திருக்கிறது, பேச்சுதான் நடக்கவில்லை. செட்டிங்கை யாராவது மாற்றியிருந்தால் இந்தச் சாட்சி பொய் சொல்லலாம். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ஐபேடின் மேஜிக் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் தெளிவான சாட்சி இருக்கிறது. அதன் ஓரத்தில் உள்ள யூஎஸ்பி-சி துளையில் சார்ஜரைச் செருகுங்கள். ஐபேட் சார்ஜ் ஏறினால் மின்சாரம் போகும் புள்ளிகள் சரியாகத்தான் பொருந்துகின்றன.

இருப்பதே தெரியவில்லை என்னும்போதுதான் துடைப்பதில் அர்த்தம் இருக்கிறது. டேப்லெட்டை அணைத்துவிட்டுக் கீபோர்டைக் கழற்றி, செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து அந்தப் புள்ளிகளைக் கிட்டத்தில் பாருங்கள். நல்ல புள்ளி பளிச்சென்று தங்க நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ இருக்கும். கை எண்ணெயும் தூசியும் சேர்ந்தது மங்கலாக, பழுப்புப் படலமாகத் தெரியும். பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ இருந்தால் வியர்வையோ உப்புக் காற்றோ உலோகத்தை அரிக்கத் தொடங்கிவிட்டது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடுத்து, ஸ்பிரிங் வைத்த பின்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் உள்ளே அமுங்கியிருந்தால் பல் குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் மெல்ல அழுத்தி விடுங்கள். பல நேரம் அது துள்ளி எழும்பிவிடும். முதலில் நூல் உதிராத உலர்ந்த துணி. அதில் போகவில்லை என்றால் பஞ்சுக்குச்சி நுனியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். ஊசியால் சுரண்ட வேண்டாம், உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். மேல்பூச்சு போனால் அரிப்பு முன்னைவிட வேகமாக வரும்.

டேப்லெட்டுக்குப் பின்னட்டையாக வேறு கவர் போட்டிருந்தால் அதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். கவர் அரை மில்லிமீட்டர் தடித்திருந்தாலே புள்ளிகள் தொடாமல் போகலாம். கீபோர்டை முதுகுப்பக்கம் மடித்து வைத்தால் எழுத்து விழாதது கோளாறே இல்லை. கை தெரியாமல் பட்டு எதையாவது எழுதிவிடக்கூடாதென்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

சுத்தமாகத் துடைத்தும் பேச்சு நடக்கவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் பலர். விண்டோஸில் போதாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் செய்யும்போது அது அமைப்பின் உட்பகுதியை அப்படியே சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துப் போடும். குழம்பிப்போன டிரைவர் குழப்பத்தோடே திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. சர்ஃபேஸ் என்றால் பவர் பட்டனை 20 விநாடி அழுத்திப் பிடித்து அடியோடு மறுதொடக்கம் செய்யலாம்.

சர்ஃபேஸில் இன்னொரு அருமையான சோதனை உண்டு. அணைத்த நிலையில் வால்யூம் கூட்டும் பட்டனைப் பிடித்தபடி பவரை அழுத்தி விட்டால், விண்டோஸுக்கு முந்தைய யூஇஎஃப்ஐ திரை வரும். அங்கே அம்புக் கட்டைகள் வேலை செய்தால் கீபோர்டு நலம், இணைப்பு நலம், விண்டோஸுக்குள்தான் தகராறு. டிவைஸ் மேனேஜரில் கீபோர்டை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்வதும், நிலுவையில் உள்ள அப்டேட்களைப் போடுவதும் அப்போதுதான் பலன் தரும். அங்கேயும் ஊமையாக இருந்தால் விண்டோஸை ரீசெட் செய்வதால் ஒரு பயனும் இல்லை.

சில கட்டைகள் மட்டும் செத்துப்போவது வேறு கதை. கீபோர்டின் அடியில் கம்பிகள் நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் போட்டு ஓடுகின்றன. ஒரு தெருவுக்குப் போகும் கம்பி அறுந்தால் அந்தத் தெரு வீடுகள் மட்டும் இருளாவது போல, ஒரு கோடு போனால் அதில் இருக்கும் எழுத்துகள் மட்டும் சேர்ந்தாற்போலப் போகும். காபி கொட்டியதற்கும் மடிப்பு தேய்ந்ததற்கும் இதுதான் வழக்கமான அறிகுறி. மென்பொருளால் இதைச் சரிசெய்ய முடியாது. ஈரம் பட்டால் உடனே கழற்றிக் கவிழ்த்து வைத்துக் காற்றில் உலரவிடுங்கள். அரிசிப் பானைக்குள் வைக்காதீர்கள்; ஈரமான ஐபோனை அரிசியில் வைக்க வேண்டாமென்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது, துகள்கள் உள்ளே போய்விடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ்வேர்டு மட்டும் ஏற்கவில்லை, எழுத்து மாறி விழுகிறது என்றால் தமிழ்99 அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் கட்டையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

இவ்வளவுக்குப் பிறகும் வழிக்கு வரவில்லை என்றால், பெரும்பாலும் மடிப்பில் ஓடும் மெல்லிய பட்டைக் கம்பி போயிருக்கும். இந்தக் கீபோர்டுகளைப் பசை வைத்து மூடியிருப்பதால் பிரித்து ரிப்பேர் செய்வது அபூர்வம். வாரண்டி இருக்கிறதா என்று பில்லைப் பாருங்கள். புதிது வாங்குவதானால் மாடலைச் சரிபாருங்கள்: சர்ஃபேஸ் ப்ரோ 7-இன் கீபோர்டு ப்ரோ 8-இல் சேராது; 2024-இல் வந்த எம்4 ஐபேட் ப்ரோ பழைய மேஜிக் கீபோர்டை ஏற்காது. பணம் கொடுக்கும் முன் கடையில் இருக்கும் அதே ரகக் கீபோர்டை உங்கள் டேப்லெட்டில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் பழுது டேப்லெட்டில்தான் இருக்கிறது. புதுக் கீபோர்டு வாங்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. மாட்டிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.