முள்ளம்பன்றியிடம் நாயை விடாதீர்!

சம்பளம், வீடு, மருத்துவம் ஆகியவற்றைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் நாயைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு நாம் சொல்லும் பதில் ஒன்றே. பால்மரத் தொழிலாளியின் வீட்டு நாய் பொழுதுபோக்குக்காக வளர்க்கப்படுவதன்று. அதுவும் ஒரு தொழிலாளி. கூலி கேட்காத தொழிலாளி. அதற்கு ஒரு கேடு வந்தால் அந்தக் கேடு லயத்துக்குள்ளும் வருகிறது. ஆகவேதான் இவ்வாரம் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். அதனால் பொழுது விடியுமுன்னரே மரம் வெட்டப் போக வேண்டியிருக்கிறது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் உளியுடன், நிரை நிரையாக ஒரு பெண் தன்னந்தனியே நடக்கிறாள். பக்கத்து நிரையில் இருப்பவர் கூப்பிடு தூரத்தில் இல்லை. புதரில் காட்டுப்பன்றி நிற்கிறதா, காலடியில் பாம்பு கிடக்கிறதா, அறிமுகமில்லாத ஆள் யாரேனும் வருகிறானா என்பதை அவளுக்கு முன்னதாக அறிந்து குரைப்பது அவளுடைய நாய்தான். அந்த நாய் முகமெல்லாம் முள்ளோடு லயத்துக்குத் திரும்பினால் மறுநாள் அவள் யாரை நம்பிக் காட்டுக்குள் போவாள்?

இந்த ஆபத்து தானாக வருவது பாதி. நாமாகத் தேடிக்கொள்வது பாதி. முதலில் முள்ளம்பன்றி என்னும் பிராணியை அறிந்துகொள்வோம்.

மலாய்க்காரர்கள் ‘லண்டாக்’ என்று அழைக்கும் முள்ளம்பன்றியில் தீபகற்ப மலேசியாவில் மூன்று வகை உண்டு. பெரிய வகைதான் நம் தோட்டங்களில் அதிகம் அடிபடும் பெயர். ஏறக்குறைய 8 கிலோ எடை இருக்கும். மற்ற இரண்டும் உருவில் சிறியவை, வால் நீண்டவை. பெயரில் பன்றி என்று இருந்தாலும் இதற்கும் பன்றிக்கும் உறவில்லை; இது எலி, அணில் இனத்தைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி. பகலெல்லாம் வளையில் கிடக்கும். இருட்டிய பின் வெளியே வந்து கிழங்கு, வேர், மரப்பட்டை, உதிர்ந்த பழம் ஆகியவற்றைத் தின்னும். இளம் ரப்பர் கன்றின் பட்டையையும், இளஞ்செம்பனையின் அடிக்குருத்தையும், லயத்துக் கொல்லையில் நாம் நட்ட மரவள்ளியையும் அது விட்டுவைப்பதில்லை. விடியற்காலையில் வளைக்குத் திரும்பும். நாம் மரம் வெட்டப் போகும் நேரமும் அதுவேதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பழந்தமிழில் இப்பிராணிக்கு ‘எய்’ என்று ஒரு பெயர் உண்டு. அம்பு விடுவதையும் நாம் எய்தல் என்றே சொல்லுகிறோம். முள்ளம்பன்றி தன் முள்ளை அம்பு போல் எய்யும் என்று இன்றும் நம்புவோர் பலர். அது தவறு. எந்த முள்ளம்பன்றியாலும் முள்ளை வீச முடியாது. அதன் முள், தடித்துக் கெட்டியான மயிரே ஆகும். தோலில் தளர்வாக நிற்பதால், பட்ட இடத்தில் குத்திக்கொண்டு எளிதில் கழன்றுவிடும். எதிரியைக் கண்டால் முள்ளம்பன்றி முதலில் முட்களைச் சிலிர்த்துப் பெரிதாகக் காட்டும். தரையில் காலை உதைக்கும். வாலில் உள்ள உள்ளீடற்ற முட்களைச் சலசலவென்று ஆட்டும். “போய்விடு” என்று அது சொல்லும் வார்த்தை அது. கேளாதவன்மேல் பின்புறமாகத் திரும்பி வேகமாகப் பாயும். குத்து விழுவது அப்போதுதான்.

வேட்டை நாய்க்கு இந்த எச்சரிக்கை விளங்குவதில்லை. காட்டுப்பன்றியைத் துரத்திப் பழகிய நாய், ஓடும் பிராணியின் பின்புறத்தைக் கவ்வ வேண்டும் என்றே கற்றிருக்கிறது. முள்ளம்பன்றியிடம் அந்தப் பின்புறமே ஆயுதச்சாலை. நாய் வாயைத் திறந்து பாய்கிறது. அதுவும் பின்னோக்கிப் பாய்கிறது. நாக்கு, அண்ணம், கன்னம், மார்பு, முன்கால், சில வேளை கண் எல்லாவற்றிலும் முள் ஏறிவிடுகிறது. நான்கைந்து நாய்கள் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒன்றின் வெறி மற்றொன்றுக்குத் தொற்றிக்கொள்ள, எல்லாமே குத்துப்படும்.

அமெரிக்க முள்ளம்பன்றியின் முள் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. நம் நாட்டு முள்ளில் அந்தக் கொக்கிகள் இல்லை என்பது உண்மை. அதனால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டு முள் நீளமும் உறுதியும் உள்ளது, ஆழமாக இறங்கும். உள்ளே ஒடிந்து தங்கும் துண்டு சீழ் கட்டும். தசை அசையும்போது நகர்ந்து, மூட்டுக்கோ மார்புக்குள்ளோ போய்ச் சேரவும் கூடும். அன்றைக்குப் பிழைத்த நாய் சில வாரங்கள் கழித்துப் படுக்கையில் விழுவது இதனால்தான்.

“ஒருமுறை குத்துப்பட்டால் நாய்க்குப் புத்தி வந்துவிடும்” என்று பெரியவர்கள் சிலர் சொல்லுவார்கள். சில நாய்க்கு வரும். பல நாய்க்கு வராது. வலியை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை இன்னும் மூர்க்கமாகப் பாயும் நாய்களும் உண்டு. ஆகவே முள்ளே பாடம் கற்றுக்கொடுக்கட்டும் என்று விட்டுவிடுவது சரியான வழி ஆகாது. பாடம் கற்றுக்கொடுக்க வேண்டியது நாயை வளர்ப்பவரின் கடமை.

என்ன செய்யலாம்?

இரவில் நாயை அவிழ்த்துவிட வேண்டாம். பொழுது சாய்ந்ததும் வீட்டோரம் கட்டிவையுங்கள். அல்லது கூண்டில் அடையுங்கள். மரம் வெட்டப் போகும்போது விடியும்வரை கயிற்றிலேயே வைத்திருந்து, வெட்டும் மரத்தின் அருகே கட்டிப் பழக்குங்கள். நன்றாக வெளிச்சம் வந்த பின் அவிழ்த்துவிடலாம்.

கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வரும் பழக்கத்தைக் குட்டியிலேயே ஊட்டுங்கள். கூப்பிட்டதும் வந்தால் ஒரு துண்டு கருவாடோ ஒரு பிடி சோறோ கொடுங்கள். வந்த நாயை ஒருபோதும் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை வராது. முள்ளின் சலசலப்பைக் கேட்டுப் பாயத் துடிக்கும் நாயை, ஒரு சொல்லால் திருப்ப முடியுமானால் அந்தச் சொல் நூறு வெள்ளி மருந்தைவிட மேலானது.

வளை இருக்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மேட்டுக்கரை, பெரிய வேர்களின் அடி, பாறை இடுக்கு ஆகியவற்றில் வாய் அகன்ற வளையும், அருகே உதிர்ந்த முள்ளும், கொறித்த எலும்பும் கிடந்தால் அது முள்ளம்பன்றியின் குடியிருப்பு. ஒரு குடும்பமே ஒரே வளையில் இருக்கும். அந்த நிரை யாருடையது என்று பார்த்து அவருக்குச் சொல்லிவிடுங்கள். பக்கத்து நிரைக்காரருக்கும் சொல்லுங்கள். வளையைத் தோண்டவும் புகை போடவும் வேண்டாம். நாயை உள்ளே ஏவவே வேண்டாம். குறுகிய வளைக்குள் புகுந்த நாயால் திரும்பவும் முடியாது, தப்பவும் முடியாது.

கொல்லையைக் காக்க வேண்டுமானால் நாயை நம்பாமல் வேலியை நம்புங்கள். மரக்கம்பு வேலியை அது கடித்துவிடும். கெட்டியான கம்பிவலையை, அடிப்பகுதி மண்ணுக்குள் புதையும்படி போட வேண்டும். உதிர்ந்த பழங்களையும் கிழங்குத் தோலையும் லயத்தருகே குவித்து வைக்காதீர்கள். விருந்து வைத்துவிட்டு விருந்தாளியைக் குறை சொல்வது முறையாகாது.

இவ்வளவுக்கும் மேல் நாய் குத்துப்பட்டுவிட்டால் என்ன செய்வது? முதலில் அதை ஓடவிடாமல் பிடித்து அமர்த்துங்கள். முன்காலால் முகத்தைத் தேய்க்க விட்டால் முள் ஒடியும், மேலும் உள்ளே போகும். முள்ளை வெட்டினால் காற்று இறங்கிச் சுலபமாகக் கழன்றுவிடும் என்பது வெறும் கதை. வெட்டிய முள்ளைப் பிடித்து இழுப்பதுதான் கடினமாகும். கூடிய விரைவில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். அவர் நாயை மயக்கி, வாய்க்குள்ளும் பார்த்து, எல்லாவற்றையும் எடுத்துச் சீழ் பிடிக்காமல் இருக்க மருந்து கொடுப்பார். மருத்துவரை எட்ட முடியாத நிலையில், காலிலோ தோள் தோலிலோ மேலாக நிற்கும் ஓரிரண்டு முள்ளைக் குறட்டால் தோலை ஒட்டிப் பிடித்து, குத்திய திசையிலேயே நேராக இழுக்கலாம். கண், தொண்டை, மார்பு, வயிறு, மூட்டு ஆகிய இடங்களில் கை வைக்கவே கூடாது. நாம் சாப்பிடும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள்; அவை அதற்கு நஞ்சாகலாம். முள் எடுத்த பிறகும் சில வாரங்கள் வீக்கம், சீழ், நொண்டல், இரையில் வெறுப்பு இருக்கிறதா என்று பார்த்துவாருங்கள்.

மருத்துவரிடம் போகப் பணம் வேண்டும், வண்டி வேண்டும், ஒரு நாள் வேலையும் கெடும். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துபவருக்கு, மயக்க மருந்தும் ஊசியும் சேர்ந்த ஒரு மருத்துவச் செலவு எவ்வளவு பெரிய பாரம் என்று நாம் விளக்கத் தேவையில்லை. செலவுக்குப் பயந்து நாயை மூலையில் போட்டுவிட்டு, அது முனகுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகளின் வேதனையும் நமக்குத் தெரியும். அதனால்தான் வருமுன் காப்பதை இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

இனி, நாமாகத் தேடிக்கொள்ளும் ஆபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முள்ளம்பன்றியின் குடலில் சில வேளை, செரிக்காத செடிப்பொருள் திரண்டு கல்போல் ஆகிவிடும். இதற்குக் ‘கெலிகா’ என்று பெயர். சீன மருத்துவத்தில் இதற்கு மதிப்பு உண்டு. புற்றுநோயைத் தீர்க்கும், டெங்கிக் காய்ச்சலைத் தீர்க்கும் என்றெல்லாம் சொல்லிப் பெரும் விலைக்கு விற்கிறார்கள். அவ்வாறு தீர்க்கும் என்பதற்கு மருத்துவ முறைப்படி நிறுவப்பட்ட சான்று கிடையாது. போலிக் கற்களும் சந்தையில் ஏராளம். எல்லா முள்ளம்பன்றியிலும் இந்தக் கல் இருப்பதும் இல்லை. ஆயினும் இந்த ஆசையைக் காட்டி, “நாயைக் கூட்டிக்கொண்டு வா, கல் கிடைத்தால் பங்கு” என்று அழைப்பவர்களின் பேச்சில் நம் இளைஞர்கள் மயங்கக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். கல்லை வாங்கி விற்பவன் நகரத்தில் இருக்கிறான். அவன் காலில் முள் குத்துவதில்லை. குத்துப்படுவது நம் நாய். தூக்கம் கெடுவது நம் பையனுக்கு. இரவெல்லாம் காட்டில் அலைந்தவன் விடியுமுன் கூரிய உளியைப் பிடித்தால் மரமும் கெடும், கையும் அறுபடும். பிடிபட்டால் வழக்கு வருவதும் அவன்மேல்தான். இலாபம் ஒருவனுக்கு, நஷ்டம் உழைப்பவனுக்கு என்னும் பழைய கதையை நாம் வேறெங்கும் கேட்டதில்லையா?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 716-ஆம் சட்டம், நடப்பில் இருக்கிறது. அதன்படி பெரிய முள்ளம்பன்றி பாதுகாக்கப்பட்ட பிராணி. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு இலாகாவின் உரிமம் இல்லாமல் அதை வேட்டையாடுவதும் பிடித்து வைப்பதும் குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. 2022-இல் செய்த திருத்தம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. சபாவிலும் சரவாக்கிலும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. “நான் பிடிக்கவில்லை, நாய்தான் பிடித்தது” என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த விஷயத்தைத் தொழிலாளருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு, எழுதப் படிக்க நேரமும் வசதியும் உள்ள கிராணிமார்களுக்கு உண்டு. பெரட்டில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. இளங்கன்றுகளை முள்ளம்பன்றி கடிக்கிறது என்றால் அதை வனவிலங்கு இலாகாவுக்கு எழுதுங்கள். கன்றுகளைச் சுற்றி வலை கட்டுங்கள். “உன் நாய்களைக் கொண்டுவந்து விரட்டு” என்று தொழிலாளியிடம் வாய்மொழியாகச் சொல்லுவது நியாயமன்று. அப்படிச் சொல்லப்பட்டால் தொழிலாளி மறுக்கலாம்; தம் கிளைச் செயலாளரிடமும் தெரிவிக்க வேண்டும். நிர்வாகத்தின் பயிரைக் காக்கும் செலவு நிர்வாகத்துடையது. அதைத் தொழிலாளியின் நாயின் முகத்தில் எழுத முடியாது.

நம் தோழர்களில் வேட்டையில் பிரியம் உள்ளவர்கள் பலர். காட்டுக்கறி சமைத்த நாளில் லயமே மணக்கும் என்பதும் மெய். அவர்களை நாம் இழிவாகப் பேசவில்லை. ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கும்படி கேட்கிறோம். முள்ளம்பன்றி ஓர் ஈற்றில் ஒன்றோ இரண்டோ குட்டிதான் போடும். காடு சுருங்கி, ரப்பரும் செம்பனையும் வந்து, அதன் இடமெல்லாம் நம் வேலைக்காடாகிவிட்டது. அது நம் கொல்லைக்கு வருவது கொழுப்பினால் அன்று; போக்கிடம் இல்லாமையால். இடம்பெயர்க்கப்பட்டவர் படும் பாடு தோட்டத்து மக்களுக்குத் தெரியாததன்று.

தொழிலாளத் தோழர்களே! அதுவும் தன் வழியில் போகட்டும். நம் நாயும் நம் வழியில் வரட்டும். இன்று மாலையே கயிற்றைத் தேடி எடுங்கள். நாயைக் கட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். ஒரு முழக் கயிற்றின் செலவில் ஒரு நாயின் கண்ணையும், ஒரு குடும்பத்தின் பல நாள் கூலியையும் காப்பாற்றலாம்.