பரிசு ஒருத்தருக்கு, மூளை பல பேருடையது!

அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் ஜனவரி என்றால் எலும்பை உறைய வைக்கும் குளிர். போர்த்திப் படுக்க வேண்டிய ஜனங்கள் மண்வெட்டியோடு பூங்காவில்! எல்லாம் புதையல் வேட்டைதான்.

குளிர்காலத் திருவிழாவையொட்டி, 1952-ல் உள்ளூர் பத்திரிகை ஆரம்பித்த போட்டி இது. பொது இடத்தில் ஒரு பதக்கத்தை ஒளித்து வைப்பார்கள். தினம் ஒரு துப்பு, பாட்டாக வரும். மொத்தம் 12. பரிசு 10 ஆயிரம் டாலர் வரை.

யூகத்தை வெளியே சொன்னால் பணம் போச்சே என்று வாயை மூடிக்கொள்பவர் உண்டு. கூடி உட்கார்ந்து மண்டையைக் குடைபவர்களும் உண்டு. இதுவே புத்திசாலித்தனம். ஒருத்தருக்குப் பழைய தெரு தெரியும். இன்னொருத்தருக்குப் பூங்காவின் கதை தெரியும். இரண்டும் சேர்ந்தால்தானே முடிச்சு அவிழும்?

யூகத்தைப் பூட்டி வைத்தவர் தனியாகத் தோண்டலாம். கிடைப்பது பெரும்பாலும் பனிதான்!