கடலில் இட்ட கிதாபுகள்

யூதர்தம் பழஞ்சுவடிகளைப் பற்றி நாம் எழுதப் புகுந்தால், "அவர்கள் பேச்சு நமக்கெதற்கு?" என வினவுவோர் நம்மில் உளர். வினவட்டும். நாம் பேசப் போவது நம் வீட்டுப் பரணைப் பற்றியே. ஆயினும், மிஸ்ரு நாட்டின் பழைய ஃபுஸ்தாத் நகரிலிருந்து தொடங்குவோம்.

அங்கே பென் எஸ்ரா என்னும் யூதத் தொழுகைக் கூடம் உள்ளது. இறைவன் திருநாமம் பொறித்த ஏட்டை எறிதல் ஆகாது என்பது யூதர் மரபு. பழுதுற்ற ஏடுகளைத் தனியே ஒதுக்கி வைத்துப் பின்னர் மண்ணில் அடக்குவர். ஒதுக்கி வைக்கும் அவ்விடத்திற்குக் கெனிஸா என்று பெயர். நம் ஜனாஸாவின் ஜீம், நூன், ஸாய் ஆகிய எழுத்துகளை அச்சொல் நினைவூட்டுதல் காண்க. ஆனால் ஃபுஸ்தாத்தில் பெரும்பாலான ஏடுகள் அடக்கப்படாமலே பல நூற்றாண்டுகள் கிடந்தன. 1897-இல் சாலமன் ஷெக்டர் என்னும் அறிஞர் ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்.

அவை வேத ஏடுகள் மட்டுமல்ல. வணிக மடல், கடன் முறி, மண ஒப்பந்தம், கடைக் கணக்கு யாவும் அவற்றுள் இருந்தன. மடல்களின் மொழி பெரும்பாலும் அரபு, எழுத்தோ ஹீப்ரு! 1204-இல் மறைந்த பேரறிஞர் மூஸா இப்னு மைமூன் தம் 'தலாலத்துல் ஹாயிரீன்' நூலை அரபு மொழியிலேயே யாத்தார். அவர் கைப்பட எழுதிய ஏடுகளும் அங்கே கிடைத்தன. அவர் மகனார் இப்ராஹீமோ சூஃபியரைப் புகழ்ந்து, தொழுகையில் சிரம் பணிதலைத் தம் மக்களுக்கு வலியுறுத்தினார்.

12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பின் யீஜூ என்னும் யூத வணிகருக்கு, ஏடனிலிருந்த கூட்டாளிகள் வெற்றுத் தாளை அன்பளிப்பாக அனுப்பினர். அம்மடல்களும் அங்கேயே கிடைத்தன. ஃபாத்திமிய அரசின் ஆணைகள் கூட மறுபுறம் வேறெழுத்து எழுதப்பெற்று அக்குவியலில் பிழைத்தன. முஸ்லிம் அரசின் வரலாற்றை யூதரின் ஒதுக்கறை காத்தது!

பேசும் மொழியை மறையின் எழுத்தில் எழுதிய சமுதாயம் அவர்கள் மட்டும்தானா? நம் முன்னோர் தமிழை அரபெழுத்தில் எழுதினர். தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளிகளைக் கூட்டி எழுத்துகளை அமைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' அவ்வாறு எழுந்ததே. நம் பாட்டிமார் மார்க்கச் சட்டம் கற்றது அவ்வெழுத்தில்தான். அவற்றை நாம் என்ன செய்தோம்?

கடற்கரை ஊரொன்றில், மூதாதையரின் பெட்டி நிறைந்த கையெழுத்துக் கிதாபுகளைத் தோணியில் ஏற்றிக் கடலில் இட்டதை நாம் கண்ணாரக் கண்டோம். கேட்டதற்கு, "பேணுதலுக்காக" என்றனர். சிதைந்த திருமறைத் தாள்களைக் கண்ணியமாக அடக்குதல் முறையே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் நல்ல நிலையிலுள்ள, வேறு பிரதி இல்லாத கிதாபையும், பாட்டனாரின் மடலையும், மரக்கலக் கணக்கையும் கடலில் இடுவது எந்தப் பேணுதல்? அது வரலாற்றை மூழ்கடித்தல். படித்த பிள்ளைகளோ அவற்றைப் பழந்தாள் வணிகருக்கு எடைக்குப் போடுகின்றனர். இருவர் செயலுக்கும் விளைவு ஒன்றே.

அன்பர்களே, பரணைத் திறந்து பாருங்கள். கிடைப்பதைப் படம் எடுத்து வையுங்கள். ஜமாஅத்துதோறும் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். அவ்வெழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் ஜனாஸாவுக்குப் பின் வருந்திப் பயனில்லை.