பிறக்குமுன்பே புகையா?

கருவுற்ற பெண் புகையிலையைத் தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் உபதேசம் செய்கிறார்கள். நல்ல உபதேசந்தான். ஆனால் அவள் உடம்புக்குள் புகையிலை எந்த வழியாக நுழைகிறது? அதையல்லவா முதலில் கேட்க வேண்டும்!

2016-17ல் சர்க்கார் எடுத்த கணக்கைப் பாருங்கள். நம் நாட்டில் வயதுவந்த பெண்களில் புகை பிடிப்பவர் நூற்றுக்கு 2 பேர்தான். வாயில் புகையிலை போடுபவர் ஏறத்தாழ 13 பேர். ஆனால் வீட்டுக்குள்ளேயே பிறர் விடும் புகையைச் சுவாசிப்பவர், ஆண் பெண் சேர்த்து, நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேர்! பீடியைக் கையால் தொடாத தாய்மார்களையும் புகை விடுவதில்லை.

அந்தப் புகை என்ன செய்கிறது? அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு தாயின் ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போக வேண்டிய பிராணவாயுவும் சத்தும் குறைகின்றன. குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. மாதம் நிறையுமுன் பிறக்கிறது. செத்தே பிறப்பதும் உண்டு.

மெல்லும் புகையிலையில் புகை இல்லையே என்று எண்ண வேண்டாம். மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைக் கவனித்து 2004ல் வெளியிட்ட ஆராய்ச்சி சொல்கிறது: வாயில் புகையிலை போட்ட தாய்மாரின் குழந்தைகள் சராசரி 105 கிராம் எடை குறைந்து பிறந்தன. குறைமாதப் பிரசவமும் அவர்களிடையே அதிகம்.

நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண் ஏன் புகையிலையை வாயில் அடக்குகிறாள்? பசி தெரியாமலிருக்க! நிகோடின் பசியை மந்தப்படுத்தும். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குச் சோறு போடாது. அரை வயிற்றுக் கூலி கொடுத்துவிட்டு அவளுக்குப் புத்தி சொல்வது நியாயமா?

திருநெல்வேலி, வேலூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளிகளின் நிலை என்ன? மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, பேறுகாலம் நெருங்கும் வரை சுற்றுகிறார்கள். தூள் மூச்சில் ஏறுகிறது. நிகோடின் தோல் வழியாகவும் ஏறுகிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் அடுப்பும் நிற்கும். வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளியே, பேறுகால உதவிக்கு உரியவரே என்று 1966ம் ஆண்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் கணக்கேட்டில் பெயரே ஏறாத பெண்ணுக்கு அந்த உரிமை எப்படிக் கிட்டும்?

ஆகவே நாம் கோருவது இது: வீட்டில் சுற்றும் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் பதிவாக வேண்டும். கர்ப்பிணிக்குக் கூலியுடன் ஓய்வு வேண்டும். வயல் வேலைப் பெண்ணுக்குப் பசி தீரும் கூலி வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணியிடம் மட்டுமல்ல, அவள் கணவனிடமும் புகையிலைப் பழக்கத்தை விசாரித்து, விட்டொழிக்க உதவ வேண்டும்.

தோழர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. பொது இடத்தில் புகைப்பதை நாடு முழுவதும் 2008ல் தடுத்தார்கள். வீட்டுக்குள் போலீஸ் வராது. நம் பொறுப்புத்தான் வர வேண்டும். மில் ஷிப்டு முடிந்து வந்து, ஒற்றை அறைக் குடிசையில் பீடி பற்ற வைத்தால், அதன் நஞ்சு படுத்திருக்கும் மனைவிக்கும் அவள் வயிற்றுச் சிசுவுக்கும் போகிறது. ஜன்னலைத் திறந்தால் போதாது. வாசலுக்குப் போங்கள், அதைவிட, பழக்கத்தையே விடுங்கள். தனியே முடியாவிட்டால் 1800 11 2356 என்ற எண்ணில் இலவசமாக யோசனை கேட்கலாம். சங்கக் கூட்டத்திலும் பீடி வேண்டாமென்று தீர்மானம் போடுங்கள்.

கூலிக்காக முதலாளியோடு போராடுகிறோம். யாருக்காக? நம் பிள்ளைகளுக்காக! அந்தப் பிள்ளையின் மூச்சை நம் கையாலேயே குறைக்கலாமா?