ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்)

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. நெல்லுக்கு மரக்கால் வைத்தோம். பாலுக்கு ஆழாக்கு வைத்தோம். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலோ ஒரு திருகாணியைக்கூட எண்ணித்தான் எடுக்கிறார்கள். ஆனால் ஒரகடம் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை, சாலையோர மருந்துக் கடைகளில் நாள்தோறும் கைமாறும் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை எண்ணுவார் யார்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே தெருவில் யார் மாத்திரை வாங்கி வந்தாலும், "தம்பி, இது எதுக்குப்பா?" என்று அட்டையை என்னிடம்தான் நீட்டுவார்கள். சென்ற மழைக்காலத்தில் என் அண்ணனுக்குச் சளியும் காய்ச்சலும் கண்டன. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு நாள் நின்றால் அன்றைய கூலியோடு மாத ஊக்கத்தொகையும் போய்விடும். இரவு ஷிப்ட் முடிந்து இறங்கியவர், கடையில் "பவர் மாத்திரை" கேட்டு வாங்கி வந்தார். வெட்டிக் கொடுத்த அட்டையில் மூன்று அமாக்சிசிலின். மருத்துவர் சீட்டும் இல்லை, ரசீதும் இல்லை. மறுநாளும் வேலைக்குப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அறிவியல் மாணவன் என்ற முறையில் வாளாவிருக்கவும் இயலவில்லை. சாதாரணச் சளி வைரசால் வருவது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். தேவையில்லாதவனுக்கு ஒரு மாத்திரையும் அதிகம். தேவைப்படுபவனுக்கு மூன்று போதாது. இரண்டு வகையிலும் இலாபம் கிருமிகளுக்கே. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2021-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் நேரடியாக மாண்டனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு.

இதை எப்படி அளப்பது? உலக சுகாதார நிறுவனம் ஒரு முறை வகுத்திருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஆகும் சராசரி மருந்தை ஓர் அலகு என்று கொள்வார்கள். வாய்வழி அமாக்சிசிலினுக்கு அது 1.5 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை மூன்று. ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை அலகு என்பதே கணக்கு.

நல்ல கணக்குதான். ஆனால் நம் வட்டாரத்தில் அது இரண்டு இடங்களில் இடறும். ஒருவர் மருத்துவர் சொற்படி 15 மாத்திரை உண்டாலும் 5 அலகு. சீட்டில்லாத ஐவர் ஆளுக்கு மூன்று வாங்கினாலும் அதே 5 அலகு! கிடங்கின் விற்பனைக் கணக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. அடுத்து, "ஆயிரம் பேர்" என்கிறோமே, யார் அந்த ஆயிரம் பேர்? வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்போர் வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களைத் தேடினால் கிடைப்பார்களா?

சட்டம் இருக்கிறதே எனலாம். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 பட்டியலின்படி, குறிப்பிட்ட மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் அன்று வந்த பட்டியலில் அமாக்சிசிலினும் இல்லை, அசித்ரோமைசினும் இல்லை.

வழி தொலைவில் இல்லை, வேலூரில் இருக்கிறது. 2003 முதல் 2005 வரை அங்கே நகரத்திலும் கிராமத்திலும் 30 இடங்களில், மருத்துவமனையிலிருந்தும் மருந்துக் கடையிலிருந்தும் வெளியே வருவோரை வாசலிலேயே கேட்டு எழுதினார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் கையில் ஆன்டிபயாட்டிக் இருந்தது. கிடங்கு சொல்லாததை வாசல் சொல்லிற்று!

அந்த வாசல் கணக்கு இங்கும் வேண்டும் என்பதே என் கருத்து. சுகாதாரத் துறையின் அனுமதியும் நம் பேராசிரியர்களின் வழிகாட்டலும் கிடைத்தால், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இதற்குக் கைகொடுக்கலாம். பெயர் கேட்க வேண்டாம். முகவரி கேட்க வேண்டாம். என்ன மாத்திரை, எத்தனை, சீட்டு உண்டா, மணி என்ன? இந்த நான்கு போதும்.

"மணி எதற்கு?" என்பீர்கள். அதில்தான் என் அண்ணன் இருக்கிறார். கணக்கெடுத்தால் கடைக்காரரைப் பிடிப்பார்கள், ஏழைக்கு இருக்கும் ஒரே கதவும் அடைபடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் சீட்டில்லாத விற்பனை ஷிப்ட் விடும் நேரத்தில்தான் மிகுதி என்று கணக்கு காட்டினால், அதற்கு மருந்து சோதனையும் அபராதமும் அல்ல. அந்த நேரத்தில் திறந்திருக்கும் புறநோயாளிப் பிரிவும், கூலி வெட்டில்லாத காய்ச்சல் விடுப்புமே. எண்ணாமல் தடுத்தால் தண்டனை தொழிலாளிக்கு. எண்ணிப் பார்த்தால் பொறுப்பு யாருக்கு என்பது வெளிப்படும்.

நண்பர்களே! திருகாணியை எண்ணும் ஊரில், அதை முடுக்கும் மனிதன் விழுங்கும் மாத்திரையையும் எண்ணுவோம்.