மணி அடித்தால் மட்டும் போதுமா?

யாழ்ப்பாணப் பட்டினத்திலே, பாடசாலை நாட்களில், காலை ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் பலாலி வீதியிலோ காங்கேசன்துறை வீதியிலோ துவிச்சக்கர வண்டியிற் செல்லும் ஒருவர் மனித சுபாவத்தைப் பற்றித் தனியாக நூல் எதுவும் படிக்க வேண்டியதில்லை. அவசரக்காரர், அலட்சியக்காரர், வாய் ஓயாதவர், வழிவிடாக் கண்டர் ஆகிய அத்தனை பேரும் அந்த அரைமணி நேரத்துக்குள் அவருக்கு முன்னும் பின்னுமாக வந்து காட்சி தந்துவிட்டுப் போவார்கள்.

பஸ்வண்டிகளின் அட்டகாசத்தைப் பற்றியும், முச்சக்கர வண்டிகள் நினைத்த இடத்தில் திரும்புவதைப் பற்றியும் எழுதாத பத்திரிகை இல்லை. அந்தக் குறைகள் உண்மையானவையே. ஆனால் இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்வது வீட்டுக்குள் நடக்கும் சண்டை. துவிச்சக்கர வண்டிக்காரர் துவிச்சக்கர வண்டிக்காரருக்கே இழைக்கும் தொல்லைகளை, வெளியாருக்குக் கேளாதவாறு, நமக்குள்ளேயே சற்றுப் பேசிக்கொள்வோம்.

இந்த வண்டியை வசதியில்லாதவர்களின் வாகனம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை நம் நாடு இருமுறையேனும் நன்றாகக் கண்டிருக்கிறது. 1990களின் முற்பாதியில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தபோது நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும், விறகு சுமந்ததும், கலியாண வீட்டுக்குக் குடும்பத்தோடு போனதும் இதிலேதான். வானொலிச் செய்தி கேட்பதற்குக்கூட வண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுழற்றி, டைனமோவில் மின்சாரம் எடுத்தார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்த வேளையில் எத்தனையோ குடும்பங்களின் சொத்து முழுவதும் ஒரு கரியரிலும் இரண்டு ஹாண்டிலிலும் அடங்கியிருந்தது. பின்னர் 2022 ஆம் ஆண்டு எரிபொருள் அருகியபோது, கொழும்பிலும் கந்தோர் உத்தியோகத்தர் பலர் களஞ்சிய அறையிற் கிடந்த வண்டிக்கு எண்ணெய் விட்டு, ரயருக்குக் காற்றடித்து, காலி வீதியில் இறங்கினார்கள். கியூ.ஆர். முறையிற் பெற்றோல் பங்கிடத் தொடங்கிய பிறகு அவர்களுட் பலர் பழைய ஆசனத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்றாலும், அச்சில மாதங்களில் ஒரு செய்தியைத் தெரிந்துகொண்டிருப்பார்கள். மோட்டார் வண்டியில் பிறேக் பிடித்தால் நட்டப்படுவது பெற்றோல். துவிச்சக்கர வண்டியில் நட்டப்படுவது சொந்த மூச்சு.

எவ்வளவு மூச்சு என்பதைப் பௌதிகம் படிக்கும் மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆளும் வண்டியுமாக 80 கிலோகிராம் என்றும், வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர் என்றும் கொள்வோம். நின்றுவிட்டு மறுபடியும் அதே வேகத்தை அடைவதற்கு ஏறத்தாழ 700 யூல் சக்தி வேண்டும். 70 கிலோகிராம் நிறையுள்ள அரிசி மூடை ஒன்றை ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்கி வைப்பதற்கும் அதே அளவு சக்திதான் வேண்டும். அநாவசியமாக ஒருவரைப் பத்து இடங்களில் நிறுத்தினால், பத்து மூடை அரிசியை லொறியில் ஏற்றுவித்துவிட்டு அவரைக் கந்தோருக்கு அனுப்புகிறோம். அவர் அங்கே போய் எவர்மீதாவது எரிந்து விழுந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

ஆகவே துவிச்சக்கர வண்டிக்காரரின் தெரு மரியாதை முழுவதையும் ஒரே வாக்கியத்தில் அடக்கலாம் என்பது எமது எண்ணம்: இன்னொருவரைக் காரணமின்றிக் காலை நிலத்தில் ஊன்றச் செய்யாதீர்கள். மற்றவையெல்லாம் இதற்கு உரை விளக்கமே.

முதலிற் சமிக்ஞை விளக்குள்ள சந்தியைப் பார்ப்போம். சிவப்பு விளக்கு எரிகிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வந்த ஒழுங்கிலே நிற்கிறார்கள். பின்னால் வந்த ஒருவர் அவர்களுக்குப் பக்கத்தால் நுழைந்து நுழைந்து சென்று, எல்லோருக்கும் முன்னால், பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகளின்மேல் வண்டியை நிறுத்துகிறார். பச்சை விளக்கு எரிந்ததும் அவர் சிட்டாகப் பறப்பாராயின் யாருக்கும் மனவருத்தம் இராது. ஆனால் இப்படி முந்துபவர்களே பெரும்பாலும் ஆமை வேகத்தினர்! பெடலைத் தேடிக் காலை வைத்து, இரண்டு முறை தள்ளாடி, மெல்லப் புறப்படுகிறார். அவரை அப்போதுதான் ஒருமுறை முந்தி வந்த பன்னிரண்டு பேரும் மறுபடியும் அவரை முந்த வேண்டியிருக்கிறது. அதற்காக ஒவ்வொருவரும் வலப்பக்கம் விலகி, பஸ்வண்டிகளின் பாதைக்குள் ஓரடி செல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த சந்தியிலும் இந்த நாடகமே நடக்கும். அரிசிக் கடை வரிசையில் இப்படி ஒருவர் முன்னே போய் நின்றால் நாம் சும்மா இருப்போமா? தெருவில் மட்டும் அது ஏனோ குற்றமாகத் தோன்றுவதில்லை.

அடுத்தது சோடி சேர்ந்து செல்லுதல். பிரத்தியேக வகுப்புக்குப் போகும் மாணவ மாணவியர் இருவரும் மூவருமாகக் கதைத்துக்கொண்டு போவதை முற்றாகத் தடைசெய்ய வேண்டும் என்று சொல்பவர்கள் தாம் படித்த காலத்தை மறந்தவர்கள். ஒழிந்த நேரத்தில், ஒழிந்த தெருவில், இருவர் சமாந்தரமாகச் செல்வதால் பூமி பிளந்துவிடாது. மூவர் சென்றால் அது தெருவுக்குப் படலை போட்டது போலாகிவிடும். இருவர் செல்லும்போதும் பின்னால் மணி கேட்டவுடன் என்ன செய்வது என்பதில்தான் குழப்பம் வருகிறது. இருவரும் ஒரே சமயத்தில் முன்னுக்கு உந்துவார்கள்; அல்லது இருவரும் ஒரே சமயத்தில் பிறேக் பிடிப்பார்கள்; ஹாண்டிலும் ஹாண்டிலும் கொழுவிக்கொள்ளும். இதற்கு எளிய வழி உண்டு. வலப்பக்கத்தில் வருபவர் மிதிப்பதை நிறுத்தி, தோழரின் பின்னால் ஒதுங்கட்டும். இடப்பக்கத்தவர் போன வேகத்திலேயே போகட்டும். புறப்படும்போதே இதைப் பேசி வைத்துக்கொண்டால் அரைக் கணத்தில் வழி பிறந்துவிடும். விட்ட இடத்திலிருந்து கதையையும் தொடரலாம்.

மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு விட்டு வீடு சேரும்வரை கோயிற் பூசைபோல மணி அடித்துக்கொண்டு செல்வோர் சிலர். மணியே இல்லாமல் தொண்டையைச் செருமிக்கொண்டு வருவோர் சிலர். காதுக்கு அருகே வந்தபின் திடீரென்று அடித்து, முன்னாற் போகிறவரைத் துள்ளவைப்போர் மிகப் பலர். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர், 10 கிலோமீற்றர் வேகத்தில் முன்னே செல்பவரைப் பத்து மீற்றர் தூரத்தில் கண்டு ஒருமுறை மணி அடித்தால், அவரை எட்டுவதற்கு ஏழு விநாடிகள் இருக்கின்றன. ஒதுங்குவதற்கு அது தாராளமான அவகாசம். காதருகில் அடித்தால் அவகாசம் ஏதுமில்லை. திடுக்கிட்டவர் தலையை வலப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். தலை திரும்பிய பக்கமே ஹாண்டிலும் திரும்பும். நீங்கள் வருவதும் அந்தப் பக்கமே!

வயோதிபரை முந்தும்போது மணியைவிட வாய்ச் சொல் மேலானது. சற்றுத் தூரத்திலிருந்தே, “ஐயா, வலப்பக்கத்தாலை போறன்” என்று நிதானமான குரலிற் சொல்லிவிட்டுப் போகலாம். எழுபது வயதைக் கடந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்கு வண்டியிற் போய்வருவது நம் ஊரில் அருமையான காட்சியன்று. அவர்கள் மெதுவாகவே செல்வார்கள். மெதுவாகச் செல்லும் வண்டி அதிகமாக ஆடும் என்பது வண்டி பழகிய நாளில் நாம் எல்லோரும் அறிந்ததே. ஆகவே வேகமாகச் செல்பவரைவிட மெதுவாகச் செல்பவருக்கே பக்கத்தில் கூடுதலான இடம் வேண்டும். நாம் செய்வதோ நேர்மாறு. கிழவர்தானே என்று உரசினாற்போலப் போகிறோம்.

இதை வெறும் எரிச்சற் கதையாக எண்ணக்கூடாது. இருபது வயதினர் திடீரென்று காலை ஊன்ற நேர்ந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடுவார். எழுபது வயதினர் காலை ஊன்றும்போது அந்தக் கால் தாங்காமற் போகலாம். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர்கள் மறுபடியும் வண்டி ஏறுவது அரிது. அன்றிலிருந்து சந்தைக்கும், கோயிலுக்கும், ஓய்வூதியம் எடுக்கவும், செத்த வீட்டுக்குத் தலைகாட்டவும் மகனுடைய வசதியையோ பேரனுடைய மனநிலையையோ பார்த்திருக்க வேண்டும். ஒரு மனிதர் பிறர் கையை எதிர்பாராமல் வாழும் காலத்தின் நீளம், அவரைக் கடந்து சென்ற யாரோ ஒரு பையன் விட்ட இரண்டடி இடைவெளியில் தங்கியிருக்கிறது. பிரித்தானியாவின் நெடுஞ்சாலை விதிக்கோவையை 2022 சனவரியிற் திருத்தியபோது, துவிச்சக்கர வண்டியை முந்தும் மோட்டார் வண்டி 1.5 மீற்றராவது விலகிச் செல்ல வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். நம் குச்சொழுங்கைகளில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். அப்படியான இடத்தில் முந்தாமற் பின்னாற் போகலாம் என்பதே விடை.

அதே விதிக்கோவையில் இன்னொரு புத்திமதியும் உண்டு. நிறுத்திய மோட்டார் வண்டியின் கதவை, கதவுக்கு அருகிலுள்ள கையால் திறவாமல் மற்றக் கையாற் திறக்க வேண்டும். நம் நாட்டிற் சாரதி வலப்பக்கத்தில் இருப்பதால் அவர் இடக்கையை நீட்டித் திறப்பார். அப்போது உடம்பு தானாகவே திரும்பும். பின்னால் வரும் துவிச்சக்கர வண்டி கண்ணிற்படும். இதற்கு ஒல்லாந்தர் முறை என்று பெயர். ஒல்லாந்தர் நமக்குக் கோட்டையை விட்டுச் சென்றார்கள். இந்தப் பழக்கத்தையும் விட்டுச் சென்றிருக்கலாம். வீட்டில் மோட்டார் வண்டி உள்ளவர்கள் இன்றே பிள்ளைகளுக்குப் பழக்கலாம். வண்டிக்காரரும், நிறுத்திய வாகனங்களின் இடைவெளிகளுக்குள் புகுவதும் வெளிவருவதுமாகப் பாம்புபோல நெளியாமல், அவற்றுக்கு ஒரு மீற்றர் விலகி ஒரே நேர்கோட்டிற் செல்லட்டும். திறந்த கதவுக்குப் பயந்து ஒருவர் திடீரென வலப்பக்கம் வெட்டினால், விழுகிறவர் அநேகமாக அவருக்குப் பின்னால் வந்த அப்பாவியே.

இடப்பக்கத்தால் நுழைந்து முந்துவதையும், பிழையான பக்கத்தில் எதிரே வந்து “நீயா நானா” என்று நடனமாடுவதையும், கைத்தொலைபேசி ஒலித்ததும் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிடுவதையும் பற்றி விரித்து எழுத வேண்டியதில்லை. செய்பவர்களுக்கே அவை பிழையென்று தெரியும். வெற்றிலை போடும் அன்பர்களுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம்: துப்புவதற்கு முன் பின்னாலும் ஒருமுறை பாருங்கள். வெள்ளைச் சீருடையில் ஒரு பிள்ளை வரக்கூடும்.

புகையிரதக் கடவையையும் சொல்லாமல் விட முடியாது. 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வரவில்லை. மூடிய கடவையைக் காணாமலே ஒரு தலைமுறை வண்டி ஓடப் பழகிவிட்டது. அதனால்தானோ என்னவோ, கட்டை இறங்கியதும் வண்டியைச் சரித்து அதன் கீழால் நுழைவது ஒரு சாமர்த்தியமாகிவிட்டது. அது உயிரோடு விளையாடுவது. திறந்த கடவையிலும் ஒரு கவனம் வேண்டும்: தெரு தண்டவாளத்தைச் சரிவாக வெட்டும் இடங்களில், முன்சில்லைக் கூடியவரை செங்குத்தாகத் திருப்பிக் கடக்க வேண்டும், இல்லாவிடில் ரயர் தண்டவாளத்தின் பக்கத்துப் பள்ளத்திற் சிக்கிவிடும். முன்னாற் போகிறவர் அப்படித் திருப்புவார் என்பதை எதிர்பார்த்து, அவருடைய சில்லோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுப் போவதே பின்னால் வருபவர் செய்யக்கூடிய உபகாரம்.

குற்றங்களையே அடுக்கிவிட்டோம். நம் தெருக்களில் இன்னும் அழியாதிருக்கும் ஒரு நல்ல வழக்கமும் உண்டு. “தம்பி, ஸ்ராண்ட் எடுக்கேல்லை”, “பிள்ளை, சோல் சில்லுக்கை போகுது” என்று முன்பின் அறியாதவர்கள் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். எத்தனை பற்கள் உடையாமலிருப்பதற்கு இது காரணமோ! ஆனால் பின்னாலிருந்து கத்தினால், கேட்டவர் ஓடிக்கொண்டே குனிந்து பார்ப்பார். அது இன்னும் ஆபத்து. பக்கத்தில் இடம்விட்டு வந்து, முதலில் “மெதுவாய் நிப்பாட்டுங்கோ” என்று சொல்லிப் பிறகு காரணத்தைச் சொல்வது நலம். சொல்லியதும் முன்னே போய்விட வேண்டும். நன்றியை எதிர்பார்த்து அரைக் கிலோமீற்றர் தூரம் பக்கத்திலேயே மிதித்து வரும் வாலிபர்கள் செய்த உபகாரத்தைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்கள்.

இனி வண்டியை நிறுத்தும் இடம். கோயில் வாசலிலோ வகுப்பு வாசலிலோ நெருக்கமாக நிற்கும் வரிசையில் ஒன்று சரிந்தால் இருபதும் சரியும். சரித்தவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறைந்துவிடுவது வழக்கம். அகப்பட்டுக்கொண்டவரோ, பதற்றத்தில் நடுவிற் கிடக்கும் தம் வண்டியை மட்டும் பிடித்து இழுப்பார்; அதன் பெடல் பக்கத்து வண்டியின் கம்பிகளுக்குள் மாட்டியிருக்கும்; இரண்டு கம்பி வளையும். முதலிற் சரிந்த வண்டி எதுவோ அதையே முதலில் நிமிர்த்த வேண்டும். அதன் பாரம் அடுத்ததன்மேற் கிடக்கிறது. அதை எடுத்தபின் இரண்டாவது இலகுவாக எழும்பும், அப்படியே ஒவ்வொன்றாக. இருவர் கைகொடுத்தால் இருபது வண்டிக்கும் ஐந்து நிமிடம் போதும்.